லிஸ்காவின் பால்

வேண்டாம் வாத்தியாரே, என்னை விட்டுடுங்க. செத்தவங்க நினைவா நட்ட சிலுவையில கட்டியிருக்கற துணிய வேற யாராவது அவுக்கட்டும். கால் வலின்னு சாக்கு சொல்லல. காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இப்பத்தான் அந்தக் கோடி வரைக்கும் கிழங்கு தோண்டிட்டு வந்தேன். உக்காருங்க. அங்க வேண்டாம், அந்தப் பலகை ஈரம். இப்படி வாங்க.

ஆமா, தெரியுது. முப்பத்துமூணாம் வருஷப் பட்டினியில பொழைச்சவங்கள்ல இந்த ஊர்ல மிச்சம் நான் ஒருத்திதான். அதனால ஞாயித்துக்கிழம நான் வந்து நிக்கணும், நாலு வார்த்தை பேசணும். அதானே? இத்தனை வருஷமா பட்டினின்னு வாயத் திறந்தா ஜெயிலு. இப்ப பேசு பேசுன்னு வீடு தேடி வர்றீங்க. உங்களக் குத்தம் சொல்லல. ஆனா பொழைச்சவ, பொழைச்சவங்கறீங்களே, எப்படிப் பொழைச்சேன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலியே.

பசு இருந்துச்சு. வேறென்ன? பசு இருந்த வீட்டுல ஆள் தங்குச்சு, இல்லாத வீட்டுல கதவ இழுத்துச் சாத்தக்கூட ஆள் இல்ல. லிஸ்கான்னு பேரு. செவலை, நெத்தியில வெள்ளை. காலையில ரெண்டு லிட்டர் குடுக்கும். தீனி இல்லாம எலும்பாத்தான் நின்னுச்சு, ஆனாலும் குடுத்துச்சு. என் புருஷன் பனாஸ், என் ரெண்டு பிள்ளைங்க, நான், நாலு பேரு. மரப்பட்டைய இடிச்சு, இலையப் போட்டு அடை தட்டுவேன். தின்னா வயித்தக் கிழிக்கும். அது மேல ஒரு கரண்டி பால ஊத்தினா உள்ள எறங்கும். அந்த ஒரு கரண்டிதான் வாத்தியாரே.

என்னது, பஞ்சமா? பஞ்சம்னு எழுதாதீங்க. மழை பொய்க்கல, வெட்டுக்கிளி வரல. விளைஞ்சுது, நாங்கதான் அறுத்தோம். மொதல்ல சர்க்காருக்குச் சேர வேண்டிய பங்கு, கோட்டான்னு சொல்லி அள்ளினாங்க. அப்புறம் விதைக்கு வெச்சத அள்ளினாங்க. அப்புறம் அடுப்புல கொதிக்கற சட்டிய. ஊரையே கறுப்புப் பட்டியல்ல போட்டாங்களா, கடையில உப்பு கிடையாது, தீப்பெட்டி கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது. வேற ஊருக்குப் போய்ப் பொழைக்கலாம்னா ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்க மாட்டான். போலீஸ்காரன் சட்டையப் பிடிச்சுத் திருப்பி விடுவான். வாசல்ல ஆள நிறுத்தி வெச்சுட்டு வீட்டுக்குள்ள இருந்த சோத்த எடுத்துட்டுப் போனா அதுக்குப் பேரு பஞ்சமா?

செத்தவங்க பேர் எழுதின அந்தப் பட்டியலக் கொஞ்சம் படிங்க. எங்க தெரு மட்டும் போதும். ம். ம். ஆமா, அவங்க வீட்டுல ஏழு பேரு. ம்.

இருங்க. அதென்ன, மெலான்காவும் ரெண்டு பிள்ளைகளும்? பிள்ளைங்களுக்குப் பேரில்லையா? பேனாவ எடுங்க. பெரியவன் யுஹிம், ஆறு வயசு. சின்னவ ஓரினா. மூணு முடியல. புருஷன் பேரு தீமிஷ், அவன் ரொட்டி கிடைக்குமான்னு டவுனுக்குப் போனவன், திரும்பல. எங்க விழுந்தான்னு யாருக்கும் தெரியாது. அவன் பேரையும் போடுங்க.

எப்படித் தெரியாமப் போகும்? பக்கத்து வீடு. அதோ, இப்ப அந்த பிளம் மரம் நிக்குது பாருங்க, அதுதான் அவ அடுப்பு இருந்த இடம். நானும் அவளும் ஒரே வாரத்துல கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தோம். அவ பாடுவா, நான் பாட மாட்டேன். எனக்கு மொதப் பிரசவத்துல அவதான் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஏய் லூக்கேரா, கத்தாதடி, ஊர்ல நீ ஒருத்திதான் பெக்கறியான்னு திட்டினா. அப்படிச் சிரிக்க வெச்சா.

அவ தினமும் வருவா. மார்ச் மாசம், இன்னும் பனி கரையல. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குவளையோட நிப்பா. உள்ள வர மாட்டா. லூக்கேரா, ஓரினாவுக்கு மட்டும் கொஞ்சம்னு சொல்லுவா. மொத வாரம் குடுத்தேன். ரெண்டாவது வாரம் தண்ணி கலந்து குடுத்தேன். அப்புறம் பனாஸ் சொன்னான், அவ பிள்ளைய எத்தனை நாளைக்குக் காப்பாத்துவ, நம்ம பிள்ளைய எத்தனை நாளைக்குக் காப்பாத்துவ, ரெண்டையும் யோசிச்சுப் பாருன்னான். கத்தல. மெதுவாத்தான் சொன்னான்.

இல்ல வாத்தியாரே, அவன் மேல பழி போட நான் இதச் சொல்லல. அவன் சொல்லலேன்னாலும் நான் நிறுத்தியிருப்பேன். பசுவ வீட்டுக்குள்ளயே கொண்டாந்து கட்டினேன். கதவச் சாத்திட்டுக் கறப்பேன். அவ வேலிகிட்ட நின்னு கூப்பிடுவா, நான் பேச மாட்டேன். பிள்ளைங்க வாயில விரல வெச்சுக்கிட்டு நிக்கும்.

ஆனா அந்த மாடு கத்தும். அவ குரல் கேட்டாப் போதும், கயித்த இழுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தும். நான் அது மூக்கப் பொத்துவேன்.

ஏன்னு கேக்குறீங்களா? மாடு அவளோடது.

ஆமா. அவளோடதுதான். கன்னுக்குட்டியா இருந்ததுலேர்ந்து அவ வளத்தது. டிசம்பர்ல தானியம் தேடுற கூட்டம் அவ வீட்டுக்கு வந்துச்சு. இரும்புக் கம்பி வெச்சுக் குத்திக் குத்திப் பாப்பாங்களே, அதெல்லாம் அன்னைக்குக் கிடையாது. நேரா போனாங்க, தோண்டினாங்க, எடுத்தாங்க. ரெண்டு பானை தினை. ஒளிச்சு வெச்ச குத்தத்துக்கு அபராதம்னு சொல்லி மாட்டையும் அவுத்துட்டாங்க. கூட்டத்துக்குத் தலைவன் ஓவ்ஸின்னு ஒருத்தன், வெளியூர்க்காரன். தெருவுல அத்தனை பேரும் பாக்க, அந்தக் கயித்தக் கொண்டாந்து என் கையில குடுத்தான்.

அவளா? அவ என்ன சொன்னா தெரியுமா? மறுநாள் வேலிகிட்ட வந்து நிக்கறா. எனக்கு மூஞ்சியத் தூக்கிப் பாக்க முடியல. அவ சொல்றா, அழாதடி, எவன் கைக்கோ போகாம உன்கிட்ட வந்துச்சே, அதுவே போதும். இடது காம்புல வலி உண்டு, மெதுவாக் கறன்னா. எனக்கே சொல்லிக் குடுத்தா.

பிள்ளைங்கதான் மொதல்ல. ஓரினா ஏப்ரல்ல. யுஹிம் அதுக்கு ஒம்பது நாள் கழிச்சு. ஓரினாவ அவளே தோட்டத்துல புதைச்சா. பையனுக்குத் தோண்ட அவகிட்ட தெம்பு இல்ல, பொணவண்டிக்காரன் ஏத்திக்கிட்டுப் போனான். அவள ரெண்டு நாளாக் காணோம்னு நான் போய்ப் பாத்தப்ப, குளிருக்கு ஏறிப் படுப்போமே அந்தப் பெரிய மண் அடுப்பு, அது மேல விறைச்சுக் கிடந்தா. பால் கொண்டு போயிருந்தேன். ஆமா, அன்னைக்குக் கொண்டு போனேன். சூடா. அப்படியே திரும்பிக் கொண்டாந்தேன். கொட்டல வாத்தியாரே. வீட்டுக்கு வந்து நாங்க குடிச்சோம்.

எனக்கு ஏன் மாட்டைக் குடுத்தான்னுதானே யோசிக்கிறீங்க? உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஊர்ல யாரும் கேக்கல. கேக்க வேண்டியவங்க அந்த வருஷமே போயிட்டாங்க. பனாஸுக்குத் தெரியும், அவனும் சாகற வரைக்கும் அதப் பத்திப் பேசல.

அந்தத் தினை இருந்த இடம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும், அவளுக்கும் எனக்கும். தீமிஷ் போனதுக்கப்புறம் ஒருநாள் அவளே என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினா. தொழுவத்துல, மாட்டுத் தொட்டிக்கு அடியில. எனக்கு ஏதாவது ஆயிட்டா நீ எடுத்து என் பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடு லூக்கேரான்னு சொன்னா. சரின்னேன்.

ஓவ்ஸி மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்தான். நாங்க ஒளிச்சு வெச்ச பயறு சிக்கிடுச்சு. நாலு பேரையும் பனியில எறக்கி விட்டு வீட்டுக்குப் பூட்டு போடப் போறேன்னான். பக்கத்து வீட்டுல எங்கன்னு மட்டும் காட்டு, உன் பேர எடுத்துடறேன்னான். சின்னது என் இடுப்புல இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குள்ளயான்னு கேட்டான். சும்மா நின்னேன். தோட்டத்துலயான்னான். சும்மா நின்னேன். தொழுவத்துலயான்னான்.

தலைய ஆட்டினேன். தொட்டிக்கு அடியிலயான்னான். அதுக்கும் ஆட்டினேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசல வாத்தியாரே.