சொந்த மகரந்தம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடிக்கிறேன்.

விதைப் பண்ணையில் முப்பது வருடமாகப் பெட்டூனியாச் செடிகளோடு இருக்கிறேன், ஐயா. அந்தப் பூவுக்கு ஒரு குணம் உண்டு. தன்மேல் விழும் மகரந்தம் நூல்போல ஒரு குழாய் விட்டுச் சூலகத்தை நோக்கி இறங்கும். அது தன்னுடைய மகரந்தமாகவே இருந்தால் பாதி வழியில் பூ அதை அழித்துவிடும். சத்தமே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் பூ எப்போதும்போல விரிந்து நிற்கும்.

மொட்டுக்கு மட்டும் அந்தப் புத்தி வந்திருக்காது. பிரித்து அதே செடியின் மகரந்தத்தைத் தடவினால் ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். அதுதான் என் வேலை. என் மகளும் மொட்டுதான்.

விதைச் சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவனை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். "இவரும் உங்களை மாதிரிதான்ப்பா. பேச வைக்கணும்னா மனு குடுக்கணும்," என்றாள். அவன் சிரித்துக்கொண்டே தண்ணீர் டம்ளரை எடுத்தான். சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது. எனக்கும் அப்படித்தான்.

அவன் அம்மாவின் பெயரைக் கேட்டேன். எனக்குக் கல்யாணமான புதிதில், பயிற்சிக்குப் போன ஊரில் நான் பழகிய பெண்ணின் பெயர். ஊரும் அதே ஊர். அவன் வயதைக் கணக்குப் போட்டேன். சரியாக வந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மகளுக்கும் அவனுக்கும் நாள் குறித்தாயிற்று; கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும் என்கிறீர்கள். சொல்லிவிட்டு மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? பூவும் யாரிடமும் சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், பூச்சி கொல்லப் புகை போடும் அறையில் ஒரு தட்டை மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னேன். எடுக்கப் போனான். கதவைச் சாத்தினேன்.

"மாமா, கதவு மாட்டிக்கிச்சு போல," என்றான். குரலில் கோபமே இல்லை. நல்ல பிள்ளை.

"இதோ வரேன்ப்பா," என்று சொல்லிவிட்டுக் புகையைத் திறந்துவிடும் குமிழைத் திருப்பினேன். பிறகு என் மேசைக்குப் போய் நாற்பது மொட்டுகளைப் பிரித்தேன். ஒன்றுகூடக் கிழியவில்லை.

மகள் என்னைப் பார்க்க வர மறுக்கிறாளாம். அவளுக்காகத்தான் செய்தேன் என்று ஒருநாள் புரியும்.

நீங்கள் நீட்டிய மரபணுச் சோதனைத் தாளைப் படித்தேன். அவனுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று போட்டிருக்கிறது. இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பூ தவறு செய்யாது, ஐயா.