நாரைத் தோப்புக்கு ஒரு வந்தனோபசாரம்

பொறுமையிலே பூமியாகவும் பெருமையிலே வானமாகவும் திகழ்ந்து, மாலை நாலு மணி முதல் அந்த ஆசனத்தை ஆடாமல் அசையாமல் அலங்கரித்துக் கொண்டிருக்கும் எங்கள் அக்கிராசனாதிபதி ராவ் சாகிப் சென்னகேசவன் அவர்களே! அகில இந்திய பட்சி பரிபாலன மகாசபையின் கோயமுத்தூர்க் கிளையிலே, காரியங்கள் எல்லாம் தரிசாகக் கிடந்தபோதும் காரியதரிசியாகக் கலங்காமல் நிற்கும் வக்கீல் ஞானாபரணம் அவர்களே! மாதர் பகுதித் தலைவி மயிலாத்தாள் அம்மாள் அவர்களே! பட்சிகளுக்காகக் கூடிய இந்தச் சபையிலே, பெயரிலாவது ஒரு பட்சியை வைத்திருப்பவர் தாங்கள் ஒருவர்தான்! சான்றோர்களே, தாய்மார்களே, தாய்மார்களின் மடியில் தூங்கிப்போன தம்பி தங்கைகளே! தலைக்கு மேலே சுழலும் பைக்காரா மின்சார விசிறியே! இன்று மாலை இந்த மண்டபத்தில் இடைவிடாமல் வேலை செய்தது நீ மட்டும்தான். உனக்கும் சேர்த்து, அனைவருக்கும் என் வணக்கம்!

நான் இன்னாசிமுத்து. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்து மாணவன். ஊர் சூலூர். இந்தக் கிளையின் மாணவப் பிரதிநிதி. அங்கத்தினர்களில் வயதில் இளையவனே வந்தனோபசாரம் கூற வேண்டும் என்பது நம் சபையின் விதி. விதி என்றால் சட்டம் என்றும் பொருள். உங்கள் தலையெழுத்து என்றும் பொருள். இரண்டும் சேர்ந்துதான் என்னை இங்கே ஏற்றிவிட்டிருக்கின்றன.

நன்றி சொல்ல வந்தேன். வந்த இடத்திலே குழம்பி நிற்கிறேன். எதற்கு நன்றி சொல்வது? யாருக்கு நன்றி சொல்வது? நடந்ததற்குச் சொல்வதா, நடக்காததற்குச் சொல்வதா? பேசியவர்களுக்குச் சொல்வதா, பேசாமலே பெருந்தன்மை காட்டியவர்களுக்குச் சொல்வதா? என் குழப்பம் இன்று பிறந்ததல்ல. போன மாதமே முட்டையிட்டு, இன்று குஞ்சு பொரித்திருக்கிறது. அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சூலூர்க் குளத்தங்கரையிலே ஒரு வேலந்தோப்பு. எங்கள் ஊர்த் திருமூர்த்திக் கவுண்டர் குடும்பத்தின் பங்காளிகள் எல்லாருக்கும் பொதுச் சொத்து. மழை முடிந்து குளம் நிறைந்ததும் எங்கிருந்தோ நாரைகள் வந்தன. நத்தைகுத்தி நாரை வந்தது, நீர்க்காகம் வந்தது, வக்கா வந்தது. மரம் தெரியாமல் கூடு கட்டின. இந்தத் தை மாதம் போய்ப் பாருங்கள்: கிளைக்குக் கிளை குஞ்சு, குஞ்சுக்குக் குஞ்சு கூச்சல். இறக்கை முளைக்காத குஞ்சுகள். எட்டிப் பார்க்கத் தெரியும், பறக்கத் தெரியாது.

இந்தச் சமயம் பார்த்துத்தானா மர வியாபாரி வர வேண்டும்? வண்டிச் சக்கரத்துக்கு வேல மரம் வேண்டும் என்றார். பங்காளிகள் சரி என்றார்கள். மூத்தவரான திருமூர்த்திக் கவுண்டர் மட்டும் தயங்கினார். "குஞ்சு பறந்து போவட்டுமப்பா, பொறகு வெட்டிக்கலாம்" என்றார். "நாளைக்கு வியாபாரி வேற ஊருக்குப் போயிட்டா என்னங்க பண்றது?" என்றார்கள் பங்காளிகள். கடைசியில் ஓர் உடன்படிக்கை. கோயமுத்தூரில் பட்சிகளுக்கென்றே பெரிய மனிதர்கள் சபை வைத்திருக்கிறார்களாமே, அவர்கள் "வெட்ட வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பங்காளிகளும் நிறுத்திக்கொள்வார்கள். ஒரே ஒரு வார்த்தை! வேறொன்றும் கேட்கவில்லை.

கவுண்டர் பஸ் ஏறிக் கோயமுத்தூர் வந்தார். நம் காரியதரிசி வீட்டுக்குப் போனார். ஐயா அவர்கள் வாசல் வரை வந்து வரவேற்றார். காப்பி வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். மாடுகளைப் பற்றிப் பேசினார்கள். காங்கேயத்துக் காளைக்குக் கொம்பு எப்படி இருக்க வேண்டும் என்று நெடுநேரம் பேசினார்கள். பட்சியைப் பற்றி? ஒரு சொல் இல்லை! கவுண்டர் எழுந்தார், கும்பிட்டார், பஸ் ஏறினார், சூலூரில் இறங்கினார்.

குளத்தங்கரையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க கவுண்டரய்யா, போன காரியம் என்னாச்சுங்க?"

"காப்பி ரொம்ப நல்லா இருந்துச்சு கண்ணு."

"அது சரீங்க, தோப்பு விசயம்?"

"போன ஒடனே எனக்கு இது வேணும்னு கேட்டா அவுங்க என்ன நெனப்பாங்க? என்ன விசயமா வந்தீங்கன்னு அவுங்க கேட்டா சொல்லலாமுன்னு இருந்தேன். அவுங்க கேக்கலே."

மறுநாள் காரியதரிசி ஐயாவிடம் போனேன். "ஏனுங்க ஐயா, கவுண்டர் எதுக்கு வந்தாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

"ஊட்டுக்கு வந்தவர எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறதா? அது மரியாதையா தம்பி?"

சிரிக்கிறீர்கள், தாய்மார்களே! சிரியுங்கள். உங்கள் வீட்டிலே நடக்காததா? நானும் சிரித்தேன். ஆனால் தோப்புக் குஞ்சுகளின் கழுத்துக்கு நேராகக் கோடாலி தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டர் வந்த காரணத்தை நானே ஐயாவிடம் சொன்னேன். சரி, விஷயம் தெரிந்துவிட்டதே, இனிக் காரியம் நடக்குமென்று நினைத்தேன். அப்போதுதான் நம் மகாசபையின் நிர்வாகம் எத்தனை மகத்தானது என்று அறிந்தேன். பம்பாய்த் தலைமைச் சபை அனுப்பிய பஞ்சவருஷத் திட்டத்தை ஐயா எடுத்துக் காட்டினார். மரம் என்றால் அது விருட்ச உபகமிட்டி. மரத்தின் மேல் கூடு என்றால் அது கூட்டு உபகமிட்டி. கூட்டுக் கமிட்டி என்றால் எல்லாரும் கூடுகிற கமிட்டியா, கூட்டைப் பார்க்கிற கமிட்டியா என்று கேட்டேன். அதை முடிவு செய்யத்தான் ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்களாம்!

இன்னும் கேளுங்கள். பறக்கின்ற பட்சி அகில இந்தியாவுக்குப் பொது. அது தலைமைச் சபையின் அதிகாரம். உட்கார்ந்த பட்சி கிளைச் சபையின் அதிகாரம். "பறந்துக்கிட்டே இருந்து திடீர்னு உட்கார்ந்தா யாருங்க ஐயா?" என்றேன். "அதுக்குக் கடுதாசி போட்டிருக்கறோம்" என்றார். "முட்டைக்குள்ளே இருக்கிற பட்சிங்க?" "அது இன்னும் பட்சியே ஆகலையே தம்பி!"

ஐயா, நாரை முட்டை இடுகிறது. நாம் முட்டுக்கட்டை இடுகிறோம். இறக்கை இல்லையே என்று அதன் குஞ்சு அழுகிறது. நமக்கு அறிக்கை இல்லையே என்று நாம் அழுகிறோம். முதல் வருஷம் ஆலோசனை, இரண்டாம் வருஷம் ஆராய்ச்சி, மூன்றாம் வருஷம் அபிப்பிராயம் என்று திட்டத்தைப் படித்துக்கொண்டே போனேன். பட்சிகள் ஐந்தாம் வருஷத்தில்தான் வருகின்றன, அதுவும் கடைசியில் ஒட்டிய அனுபந்தத்தில்! இதை எழுதியவர்கள் கெட்டவர்களா? இல்லை. சோம்பேறிகளா? அதுவும் இல்லை. பக்கம் பக்கமாக உழைத்திருக்கிறார்கள். அதுதான் என்னை மேலும் குழப்புகிறது. இத்தனை நல்லவர்கள் கூடி இத்தனை யோசித்து, ஒரு குஞ்சுக்கு ஒரு நாள் ஆயுள்கூடக் கூட்ட முடியவில்லையே, ஏன்?

அதற்கு விடை இன்று மாலை இதே மேடையில் கிடைத்தது. நீங்களும் பார்த்தீர்கள். ஐயா அவர்கள் தோப்பு விஷயத்தை இன்றைய கூட்டத்தில் சேர்த்தார்; அதற்கு உண்மையாகவே என் நன்றி. தீர்மானம் என்றால் ஒருவர் அதை முன்மொழிந்து பிரேரேபிக்க வேண்டும், இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும், பிறகு வோட்டு. எல்லாருக்கும் சம்மதம். ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. என்ன நடந்தது?

காரியதரிசி எழுந்தார்: "அக்கிராசனாதிபதி அவுங்களே பிரேரேபிக்கணுங்க."

அக்கிராசனாதிபதி சொன்னார்: "நாற்காலியில உட்கார்ந்தவன் எப்படிங்க? நீங்க சொல்லுங்க."

"பெரியவுங்க நீங்க இருக்கறப்ப நான் முந்திக்கறதுங்களா? அம்மா சொல்லட்டுங்க."

மயிலாத்தாள் அம்மாள் சொன்னார்: "ரெண்டு பேரும் இருக்கறப்ப நான் எதுக்குங்க? சபையில இருக்கற யாராச்சும் சொல்லட்டும்."

சபையோர் என்ன செய்தீர்கள்? ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள். ஒருவருக்கொருவர் வழி விட்டீர்கள். "நீங்க சொல்லுங்க", "இல்லீங்க, நீங்க சொல்லுங்க", "அட, நீங்கதானுங்க மொதல்ல." நடுவிலே காப்பி வந்தது. முதல் தம்ளரையும் யாரும் எடுக்கவில்லை! அது மேஜையைச் சுற்றி வந்து, கொண்டுவந்தவர் கைக்கே திரும்பியது. ஆறிப்போனது காப்பி மட்டுமா, ஐயா? கடைசியில் அக்கிராசனாதிபதி கடிகாரத்தைப் பார்த்து, "பிரேரேபிக்க யாரும் வராததால் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்து, வந்தனோபசாரத்துக்குப் போவோம்" என்றார்.

அடுத்த கூட்டம் பங்குனியில். கோடாலிக்காரர்கள் நாளைக் காலையில்!

ஆம், நாளைக் காலையில். பங்காளிகள் அவ்வளவுதான் தவணை கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லவே திருமூர்த்திக் கவுண்டர் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறார். எங்கே என்று திரும்பிப் பார்க்கிறீர்களா? அதோ, கடைசித் தூணோரம் நிற்கிறார். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் தன் இடத்தைக் கொடுத்துக் கொடுத்து, அவருக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது.

இன்று காலை அவரைக் கேட்டேன். "ஏனுங்க கவுண்டரய்யா, பங்காளிங்க கூட எதுக்குங்க இந்தப் பொல்லாப்பு? நாரை உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஒண்ணும் பண்ணலே கண்ணு. நம்ம மரம்னு நம்பி வந்து எறங்கீருக்குது. புள்ளை பெத்துப்போட்டுப் படுத்திருக்குது. ஊட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட, எப்பப் போவீங்கன்னு கேக்கவே நமக்கு நாக்கு வராது. பாய உருவிப்போட்டு வெளிய தள்ளச் சொல்றாங்களே, அது எப்படி முடியும்?"

கொங்கு நாட்டுப் பெருமக்களே! இதைவிடப் பெரிய பஞ்சவருஷத் திட்டம் பம்பாயில் உண்டா? பாரத தேசத்தில் உண்டா? மரியாதை என்றால் என்ன? நாற்காலிக்குக் கொடுப்பது மட்டும்தானா? வயதுக்குக் கொடுப்பது மட்டும்தானா? வாய் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் வழி விட்டு நின்றால், வாய் இல்லாத பிராணிக்காகப் பேசுவது யார்? நாம் பணிந்து பணிந்து நிற்கிறோம். நம் பணிவுக்குள்ளே கோடாலி புகுந்து போகிறது. நாம் முந்த மாட்டோம் என்கிறோம்; மர வியாபாரி முந்திக்கொள்கிறார். அவருக்குப் பிரேரணை வேண்டாம், ஆமோதிப்பு வேண்டாம், அனுபந்தம் வேண்டாம். ஒரே வெட்டு!

நானே பிரேரேபித்துவிடலாமா என்று பார்த்தேன். முடியாதாம். மாணவப் பிரதிநிதிக்குப் பேச உரிமை உண்டு, பிரேரேபிக்க உரிமை இல்லை. ஆகையால், அக்கிராசனாதிபதி அவர்களே, என் கடமையான வந்தனோபசாரத்துக்கே வந்துவிடுகிறேன். கவனித்துக் கேளுங்கள்.

இந்த மண்டபத்தைக் கொடுத்தவர்களுக்கு நன்றி. காப்பி கொண்டுவந்தவருக்கு நன்றி. குஞ்சுகள் பறந்து போகும் வரை சூலூர்க் குளத்தங்கரை வேலந்தோப்பை வெட்ட வேண்டாம் என்று அந்தப் பங்காளிகளைக் கேட்டுக்கொண்டதற்காக, இந்த மகாசபையின் கோயமுத்தூர்க் கிளைக்கு என் மனமார்ந்த நன்றி!

என்ன ஐயா, எழுந்துவிட்டீர்கள்? "எப்பத் தம்பி கேட்டுக்கிட்டோம்?" என்கிறார் காரியதரிசி. இப்போதுதானுங்க ஐயா! வந்தனோபசாரத்துக்குப் பிரேரேபிக்க ஆள் வேண்டாம். ஆமோதிக்க ஆள் வேண்டாம். சபை கைதட்டினால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அது தாங்களே எழுதிய விதி. குறும்பு என்றால் குறும்புதான். ஆனால் நான் சொல்கிற நன்றி பொய்யல்ல. அதை மெய்யாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு கையில் இருக்கிறது! இந்த நன்றி எங்களுக்கு வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள் என்று சொல்பவர் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுந்து சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

முன்வரிசை ஐயா? இல்லை. நடுவரிசை? இல்லை. அம்மா, தாங்கள்? மயிலாத்தாள் அம்மாள் சொல்கிறார்: "குடுத்த நன்றிய வேண்டாங்கறதுக்கு நாங்க என்ன மொரடங்களா கண்ணு?" சொல்லிவிட்டு முதலில் கை தட்டியதும் அவர்தான்! ஆகா, தட்டுங்கள்! இன்னும் தட்டுங்கள்! தூங்குகிற தம்பி தங்கைகள் எழுந்தாலும் பரவாயில்லை!

பொறுங்கள், பொறுங்கள். கவுண்டரய்யா ஏதோ கேட்கிறார். "அப்ப நான் ஊருக்குப் போயி, சபை வேண்டாமின்னு சொல்லிப்போட்டாங்கன்னு சொல்லட்டுங்களா?" என்கிறார். என்னைக் கேட்காதீர்கள் ஐயா, நான் ஆறாம் பாரம். அக்கிராசனாதிபதி அவர்களே, தங்களைத்தான் கேட்கிறார். காரியதரிசியைப் பார்க்க வேண்டாம். அம்மாவைப் பார்க்க வேண்டாம். இந்த ஒரு தடவை யாருக்கும் வழி விட வேண்டாம்.

கேட்டீர்களா? ராவ் சாகிப் எழுந்து நின்று சொல்லிவிட்டார்: "வெட்ட வேண்டாமின்னு சபை சொல்லுச்சுன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னும் சொல்லுங்க. நம்பலீன்னா, காத்தால நானே காரெடுத்துக்கிட்டு வாரேன்."

என் குழப்பம் தெளிந்ததா என்றால் முழுவதும் தெளியவில்லை. பறந்துகொண்டே இருந்து திடீரென்று உட்காரும் பட்சி யாருடையது என்று இன்னும் எனக்குத் தெரியாது. பம்பாய்க் கடுதாசி வரட்டும். அதுவரை அது சூலூரில் உட்கார்ந்திருக்கட்டும்.

பெரியோர்களே, தாய்மார்களே! கூட்டம் கலையும் வேளை. கூடு கலையாத வேளை. உங்கள் பொறுமைக்கும், கைகளுக்கும், ராவ் சாகிப் அவர்களின் வாய்ச்சொல்லுக்கும் சிரம் தாழ்த்தி வணங்கி விடைபெறுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சூலூருக்குக் கடைசி பஸ் புறப்படப் போகிறது. அதோ பாருங்கள், கவுண்டரய்யா வாசலில் நின்று, "நீங்க போங்க, நீங்க மொதல்ல போங்க" என்று எல்லாருக்கும் வழி விட்டுக்கொண்டிருக்கிறார்!

யாராவது அவரைப் பிடித்து வெளியே தள்ளுங்கள், ஐயா! மரியாதையாகத் தள்ளுங்கள்! வணக்கம்!