பத்து நிமிஷத்துல உறையற எலுமிச்சை

எலுமிச்சம்பழம் வாங்கறப்ப பெருசாப் பாத்து எடுக்கக் கூடாதுங்க. பெரிய பழத்துல தோலுதான் ஜாஸ்தி, சாறு கம்மி. சின்னதா, தோல் மெலிசா, உள்ளங்கையில உருட்டினா எண்ணெய் ஒட்டற மாதிரி இருக்கணும். சந்தைக்கு வர்ற பத்து பேர்ல எட்டு பேருக்கு இது தெரியறதில்ல.

உக்காரச் சொல்றீங்க. வேணாங்க, நிக்கிறேன். எனக்குக் கால் ஒரு எடத்துல தரிக்காது, சின்ன வயசுலேந்தே அப்படித்தான். ஸ்டேஷன் ரைட்டர் ஐயா எழுதறதுக்குத் தோதா மெதுவாவே சொல்றேன். நீங்க கெணத்தைப் பத்தி மட்டுந்தான் கேக்கறீங்க. நான் முழுசாச் சொல்லிடறேனே. பாதி சொன்னா என்னைத் தப்பா நெனைச்சுக்குவீங்க.

பேரு ராஜமாணிக்கம். ஊரு அடி அண்ணாமலை. திருவண்ணாமலை டவுன்ல ஒரு லாட்ஜு கேன்டீன்ல ஒன்பது வருஷம் ஜூஸ் போட்டுட்டு இருந்தேன். அங்க வர்றவங்க முழுச் சாப்பாடு சாப்ட்டுட்டு, கை கழுவற மாதிரி ஒரு ஜூஸ் குடிப்பாங்க. பேப்பர் படிச்சுக்கிட்டே குடிப்பாங்க. டம்ளர்ல என்ன இருந்துச்சுன்னு கேட்டா பாதி பேருக்குச் சொல்லத் தெரியாது. வெறுத்துப் போயி ஊருக்கே வந்து, மலை சுத்தற ரோட்டோரமா ஒரு கீத்துக் கொட்டாய் போட்டேன்.

நான் போடறது வெறும் ஜூஸ் இல்லைங்க. அதையும் சொல்லணும். பழத்தோலை சர்க்கரையில தேச்சு வாசனையை எறக்கி, சாறு புழிஞ்சு, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, பால்பவுடர் டப்பாவுல ஊத்தி மூடிடுவேன். அந்த டப்பாவைப் பெரிய பிஸ்கட் டின்னுக்குள்ள வச்சு, சுத்தியும் ஐஸை ஒடைச்சுப் போட்டு, மேல கல்லுப்பை அள்ளிக் கொட்டுவேன். உப்பு பட்டா ஐஸுக்கு ஒரு வெறி வரும். டப்பாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கிட்டே இருந்தா பத்து நிமிஷத்துல சாறு உறைஞ்சு, நொய்யரிசி மாதிரி ஆயிடும். ஒன்பது நிமிஷத்துல எடுத்தா தண்ணி. பன்னெண்டு நிமிஷம் விட்டா கல்லு. பத்துதான் கணக்கு. யாரும் சொல்லித் தரல. நானே போட்டுப் போட்டுப் பாத்துக் கண்டுபுடிச்சது.

கடை வச்ச மொத வாரம் ஒரு ஆளு வந்தார். செருப்பில்லாம நல்ல வெயில்ல பாதி மலை சுத்தி வந்திருந்தார். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு, பேச்சு வரல, கையால சாடை காட்டினார். ஒரு டம்ளர் குடுத்தேன். மொத வாய் உள்ள போச்சு. கண்ணை மூடிட்டார். தொண்டை ஏறி எறங்கறதைப் பாத்தேன். டம்ளரைக் கன்னத்துல வச்சுக்கிட்டு அப்படியே நின்னார். அழுதாரோ வேர்வையோ, தெரியல. பசி ருசி அறியாதுன்னு சொல்லுவாங்க. தாகம் அறியுங்க. அந்த மூஞ்சியைப் பாத்தப்பறம் எனக்கு வேற எதுவும் புடிக்காமப் போச்சு.

ரெண்டாவது வருஷம் சித்திரையில எங்க ஊரு வெள்ளையம்மா எனக்கு அம்பது அடி முன்னால தண்ணிப் பந்தல் வச்சுது. பக்கத்துலயே அவங்க கொல்லைக் கெணறு. இனிப்பான தண்ணி, நான் பொய் சொல்ல மாட்டேன். புருஷன் செத்த வருஷத்துலேந்து அவர் பேருல தருமம் பண்றதா நேந்துக்கிட்டாங்களாம். மூணு பானை, மேல வேப்பந்தழை. நடந்து வர்றவங்கள்லாம் அங்க ரெண்டு சொம்பு மடக் மடக்குனு குடிச்சுட்டு, வயிறு தளும்பத் தளும்ப எங்கிட்ட வருவாங்க. என் டம்ளரை வாங்கி ஒரு வாய் வச்சுட்டு, "பரவால்ல"ம்பாங்க.

பரவால்ல. நீங்களே சொல்லுங்க, அதுக்கா நான் அவ்ளோ மெனக்கெடறேன்.

அந்தம்மாகிட்ட நயமாத்தான் கேட்டேன். அக்கா, ஒங்க பந்தலை என் கடைக்கு அந்தாண்ட மாத்திக்குங்க, நானே பானை தூக்கி வைக்கிறேன்னு சொன்னேன். சிரிச்சுது. தாகம் எடுத்தவன் ஒன் கடையைத் தாண்டற வரைக்கும் பொறுத்துக்குவானா தம்பின்னு கேட்டுது. சரி, ஒரு தடவை குடிச்சுப் பாத்தா புரிஞ்சுக்கும்னு ஒரு டம்ளர் போட்டு நானே கொண்டு போனேன். வாங்கி, வழியில போன ஒரு கொழந்தைகிட்ட குடுத்துட்டுது. மறுநாளும் அப்படித்தான். மூணாந்தடவை கொண்டு போனப்ப சொல்லிச்சு:

"எனக்குப் பச்சத்தண்ணி போதும் தம்பி. அதுக்கு மேல ருசி என்னா இருக்குது?"

குத்தலா சொல்லல. அந்தம்மாவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. எனக்கும் அந்தம்மா மேல கோவமே கெடையாது, அதை எழுதிக்குங்க. ஆனா அன்னைலேந்து எனக்குச் சோறு எறங்கல. படுத்தா எழுந்துக்குவேன், எழுந்தா நடப்பேன். ஊரே என் கடையில வந்து குடிச்சாலும் இந்த ஒருத்தங்க வாயால ஒரு நல்ல வார்த்தை வரலைன்னா என்ன பிரயோஜனம்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. மூணு சித்திரை அப்படியே போச்சு.

இந்த வருஷம் மழை பொய்ச்சுப் போச்சா, ஏரியெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. ரோட்டோரத்துல தண்ணி ஊறற கெணறு அது ஒண்ணுதான். சித்ரா பவுர்ணமிக்கு மொத நாள், நடு மத்தியானம், அந்தம்மா சாப்பிட வூட்டுக்குப் போயிருந்துது. நான் அரை பாட்டில் கிருஷ்ணாயிலைக் கெணத்துல ஊத்தினேன். நல்லா யோசிச்சுட்டுத்தான் ஊத்தினேன். வெஷம் வச்சா ஜனங்க சாவாங்க. நாயை அடிச்சுப் போட்டா வியாதி வரும். கிருஷ்ணாயில்னா மண்ணெண்ணெய் நாத்தத்துக்கு ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க, அவ்ளோதான். தண்ணி மேல வானவில்லாட்டம் கலர் பரவுச்சு. பாக்க நல்லாக்கூட இருந்துச்சு.

சாயங்காலம் அந்தம்மா வாளி எறக்கி மோந்து பாத்துட்டு ரொம்ப நேரம் கெணத்து மேட்டுலயே குந்திக்கிச்சு. அவங்க மவன் தருமன் குதிச்சான், எவன் ஊத்துனானோ அவன் வெளங்காமப் போயிடுவான்னு சபிச்சான். அந்தம்மா அவனை அடக்கிட்டு, நாளைக்கு ஜனங்க வருவாங்களே, அதுக்கு வழியப் பாருடான்னு சொல்லிச்சு. அரை மைல் தள்ளி பரசுராமனோட பம்புசெட்டு இருக்குது, அங்கேந்து தூக்கியாந்துடலாம்னு முடிவு பண்ணாங்க.

நான் பரசுராமனைப் பாக்கப் போனேன். பொய் எதுவும் சொல்லல. பவுர்ணமிக் கூட்டத்துக்கு ஒங்க பம்புசெட்டு தெரிஞ்சுபோச்சுன்னா மல்லாட்டைக் கொல்லையில கடலைச் செடியை மிதிச்சே தொவைச்சுடுவாங்களே, பாவம்னு சொன்னேன். நெசமாவே மிதிப்பாங்கதானே. அவர் அன்னைக்கே பம்புசெட்டு ரூமைப் பூட்டிட்டு, கெணத்து மேல முள்ளை வெட்டிப் போட்டுட்டார். அதுக்கப்பறம் அந்தம்மாவுக்கு இருந்த ஒரே வழி ஏரிக்கு அந்தப்பக்கம் இருக்கற கோயில் கெணறு. போக ஒண்ணரை மைல், வர ஒண்ணரை மைல்.

பவுர்ணமி அன்னைக்குக் காலையில ஐஸ்காரன் ராமதாஸ் டவுன்லேந்து சைக்கிள்ல ரெண்டு பாளம் ஐஸ் கொண்டாந்து போட்டான். எட்டு மணிக்கெல்லாம் கூட்டம் வர ஆரம்பிச்சுது. என் ஆயுசுல அந்த மாதிரி ஒரு காலை இனிமே வராதுங்க. எல்லாரும் காஞ்ச நாக்கோட வந்தாங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம கண்ணை மூடினாங்க. ஒரு பெரியவர் டம்ளரைக் கீழ வச்சுட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். காசில்லாதவங்களுக்குச் சும்மாவே குடுத்தேன், வேணும்னா விசாரிச்சுப் பாருங்க. நான் என்ன காசுக்கா செஞ்சேன்.

ஆனா மனசு நிலை கொள்ளல. டப்பாவைத் திருப்பிக்கிட்டே எந்திரிச்சு எந்திரிச்சு ரோட்டு வளைவு வரைக்கும் போயி பந்தலைப் பாத்துட்டு வருவேன். தருமன் பக்கத்து ஊர்ல மாட்டுவண்டியும் பீப்பாயும் கேட்டுட்டு வரேன்னு போனவன், மத்தியானம் வரைக்கும் வரல. அந்தம்மா தனியா, தலையில ஒண்ணு இடுப்புல ஒண்ணுன்னு நடந்துக்கிட்டே இருந்துது. பானையில ஊத்தி முடிக்கறதுக்குள்ள ஜனங்க மொய்ச்சுக்குவாங்க. வெத்தலை மெல்லற நேரத்துல காலி. கடைசிச் சொம்பு வரைக்கும் கையில மொண்டு மொண்டு ஊத்திட்டு, காலிக் கொடத்தை எடுத்துக்கிட்டு மறுபடியும் நடக்கும். அது வாயில ஒரு சொட்டு ஊத்திக்கல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

நாலாவது நடை திரும்பி வர்றப்ப மூஞ்சி செவசெவன்னு இருந்துது, ஆனா வேர்வை இல்ல. ரவிக்கை காஞ்சு கெடந்துது. வேர்வை நின்னுபோச்சுன்னா தாகம் முத்திடுச்சுன்னு அர்த்தம். எனக்கு அது நல்லாத் தெரியும், தாகத்தைப் பாக்கறதுதானே என் தொழிலு.

ரெண்டு மணி இருக்கும். ரோடு சுட்ட சூட்டுக்கு ஜனநடமாட்டமே இல்ல. அந்தம்மா மெதுவா என் கொட்டாய் நெழலுக்கு வந்து, ஐஸ் போட்ட கோணிப்பையில சாஞ்சு உக்காந்துது. இத்தினி வருஷத்துல அதுவா என் கடைக்கு வந்தது அன்னைக்குத்தான்.

"தம்பி, ஒரு வாய் தண்ணி குடு" ன்னு கேட்டுது.

என் முட்டிக்கிட்ட ஒரு கொடத்துல தண்ணி இருந்துச்சு. டம்ளர் அலசறதுக்கு வச்சிருந்தது. நல்ல தண்ணிதான். நான் அதைப் பாத்தேன், அந்தம்மாவைப் பாத்தேன். நீங்க என் எடத்துல நின்னு யோசிக்கணும். பச்சத்தண்ணிக்கு மேல ருசி இல்லைன்னு சொன்ன மனுஷி. இப்ப தண்ணியைக் குடுத்துட்டா அதுதான் தேவாமிர்தம்னு சொல்லும், நான் சாவற வரைக்கும் அந்தப் பேச்சு நிக்கும். பத்து நிமிஷம் இருக்கா, போட்டுத் தர்றேன்னு சொன்னேன்.

இருந்ததுலயே நல்ல பழமா நாலு பொறுக்கினேன். தோலைச் சர்க்கரையில தேச்சேன், அவசரப்படாம, வெள்ளைத் தோல் படாம. கசப்பு ஏறிடக் கூடாது பாருங்க. சாறு புழிஞ்சு, கொட்டை எடுத்து, உப்பு போட்டேன். கடைசி ஐஸை ஒடைச்சு டின்னுல போட்டேன். கல்லுப்பு கொட்டி, திருப்ப ஆரம்பிச்சேன்.

மூணு நிமிஷம் போயிருக்கும். "எது இருந்தாலும் குடுப்பா, நெஞ்சு காயுது" ன்னுது. இதோ ஆயிடுச்சுக்கான்னேன். எந்திரிச்சு நின்னுக்கிட்டே திருப்பினேன், மூடியைத் தொறந்து பாத்தேன், இன்னும் தண்ணியாவே இருந்துச்சு, மூடினேன். அஞ்சாவது நிமிஷத்துல என் கொடத்து மேல கையை வச்சுது. நான் கொடத்தைக் கொஞ்சம் இந்தாண்ட நவுத்தி வச்சேன். தட்டிவிடல, புடுங்கல. நவுத்தினேன், அவ்ளோதான். அப்பறம் அது கேக்கல. பொறுமையா இருக்குதுன்னு நெனைச்சேன். பாக்கி அஞ்சு நிமிஷமும் ஒரு வார்த்தை பேசல. எனக்கே அது ஆச்சரியந்தான்.

ரொம்ப நல்லா வந்துச்சுங்க அது. நான் போட்டதுலயே அதுதான் ஒசத்தி. தூசு தும்பு இல்லாம, மணி மணியா, வாசனை கொட்டாய் முழுக்க.

தருமன் வண்டியோட வந்து, அம்மா கெடந்த கெடையைப் பாத்துட்டு ஓடியாந்தான். உலுக்கிப் பாத்தான், மூஞ்சைத் தடவினான். அப்பறம் அந்தக் கொடத்தைப் பாத்தான். பாதிக்கு மேல தண்ணி இருந்துச்சு.

"இது என்னாடா?" ன்னு கேட்டான்.

டம்ளர் அலசற தண்ணின்னு சொன்னேன். நெசந்தானே.

கெணத்துல கிருஷ்ணாயில் ஊத்துனது தப்புதான். ஒத்துக்கறேன். ஊருக் கெணறு மாதிரி அது, அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, ஏத்துக்கறேன். மத்தபடி நான் ஒருத்தருக்கும் கெடுதல் பண்ணல. தாகம்னு வந்தவங்களுக்கு இல்லைன்னு சொன்னதில்ல. கொஞ்சம் இருங்கன்னுதான் சொன்னேன்.

நான் டம்ளரை நீட்டறதுக்கு முன்னாலயே அந்தம்மாவுக்கு உசுரு போயிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கறதா சொல்றீங்க. அவர் படிச்சவர், நான் எதுத்துப் பேசல. ஆனா அவர் அங்க இல்லைங்களே, நான் இருந்தேன். ஸ்பூனால எடுத்து நானே உதட்டுல வச்சேன். அது கரைஞ்சு உள்ள எறங்குச்சு. உதடு லேசா அசைஞ்சுது, கண்ணு அதுக்கு முன்னாடியே மூடித்தான் இருந்துச்சு. சத்தம் வரல, ஆனா என்ன சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியும். நல்லாருக்குது தம்பின்னு சொல்லிச்சு. அதை அப்படியே எழுதிக்குங்க ரைட்டர் ஐயா.