காப்புக் கட்டிய வீட்டின் ஊசி மருந்து

என் பெயர் மங்கையற்கரசி, தகப்பனார் பெயர் சீவரத்தினம், வயது ஐம்பத்து மூன்று, சிரம்பான் நகரின் ரஹாங் பகுதியில் குடியிருக்கிறேன். நீரிழிவு, ஹார்மோன் கோளாறுகளுக்கான நிபுணராகச் சொந்தக் கிளினிக் நடத்துகிறேன். இறந்துபோன தனலெட்சுமி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து என் நோயாளி. அவளுக்கு இருந்தது உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காத வகை நீரிழிவு. ஊசி இல்லாமல் உயிர் தங்காது. என்னிடம் வரும் பெரிய மனிதர்கள் பலரைவிட ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்டவள் அவள் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தை வரம் வேண்டி, எஸ்டேட் மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டப் போவதாக அவள் என்னிடம் வந்து சொன்னாள். நான் திட்டினேன். "நீங்க ஏசினாலும் நான் எறங்கத்தான் போறேன் டாக்டர், அதுக்கு ஏத்த மாதிரி மருந்து சொல்லுங்களேன்" என்று சிரித்தாள். பட்டினி கிடக்கக் கூடாது, ஊசியை நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு அளவை மாற்றிக் கொடுத்தேன். அவள் கணவர் குணாளன், சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை செய்பவர், இந்த நேர்த்திக்கடனில் விருப்பமில்லாதவர். "சாமிதான் பெருசுன்னா அந்த ஊசி எதுக்கு, தூக்கிப் போடு" என்று அவர் வாசலில் நின்று கத்தியதை அக்கம்பக்கத்தார் கேட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு, தீமிதிக்கு முன்பே அவள் வாந்தியும் மூச்சிரைப்புமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது நினைவில்லை. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு அப்படியே இருந்தது. உடம்பில் இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகி அவள் இறந்தாள். கணவனுக்குப் பயந்து அவள் ஊசியை நிறுத்திவிட்டாள், அவன்தான் கொன்றான் என்று அவள் தாயார் செல்லம்மா போலீஸ் ரிப்போர்ட் செய்ததால் குணாளன் லாக்கப்பில் வைக்கப்பட்டார்.

ஆனால் அவள் வயிற்றில் புதிய ஊசித் தடங்கள் இருந்ததை நானே பார்த்தேன். அதன் பிறகு போலீஸ் சார்ஜன் தேவன் காட்டிய, அவள் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஊசிப் பேனாவிலும் மருந்து பாதிதான் மிச்சமிருந்தது. எனக்கு மனம் ஆறாமல், காப்புக் கட்டியதிலிருந்து அவள் தங்கியிருந்த எஸ்டேட் தாய் வீட்டுக்கு நேரில் போய், மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று செல்லம்மாவிடம் கேட்டேன்.

"காப்புக் கட்டுன வீட்டுல கவுச்சி இருக்கலாமா டாக்டரம்மா? கோழி, மீனு எல்லாத்தையும் பக்கத்து வீட்டு ராக்கம்மா ஐஸ்பெட்டிக்கு மாத்தினேன். அந்த ஊசி மருந்தும் பன்னியில எடுக்கறதுன்னு சொல்றாங்கல்ல, அதையும் சேத்துதான். கெட்டுப் போயிறக் கூடாதுன்னு மேல ஐஸ் கட்டற எடத்துல வச்சேன். நானே எடுத்து எளக வச்சிருவேன், அவ அங்கயே வந்து போட்டுட்டுப் போவா" என்றார்.

இன்சுலினைப் பன்றியிலிருந்து எடுத்த காலம் மலையேறிவிட்டது. உறைந்து இளகிய இன்சுலின் பார்வைக்குப் பழையபடி இருக்கலாம், ஆனால் நம்பிப் போட்டுக்கொள்ள முடியாது. தனலெட்சுமி போட்டுக்கொண்டது மருந்தே அல்ல, வெறும் தண்ணீர்தான் என்பது என் முடிவு. குணாளனுக்கு இதில் பங்கு இல்லை.

மருந்து வைத்த இடத்தைச் சொல்லி முடித்ததும் செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மக நெசமாவே ஊசி போட்டாளா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை என்று சொன்னேன். "அப்ப எதனால செத்தா?" என்று கேட்டார். என் தொழிலில் கெட்ட செய்தி சொல்லிச் சொல்லிப் பழகியவள் நான். அன்று என்னால் முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு முதல் முறையாக இந்த வாக்குமூலத்தில்தான் பதில் சொல்லியிருக்கிறேன். குணாளனை விடுவிப்பதற்காக இதைச் செல்லம்மாவிடம் படித்துக் காட்டும்போது நானும் பக்கத்தில் இருக்க அனுமதி கேட்கிறேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும் என் தொழிலால் அறிந்ததுமான உண்மை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) சீ. மங்கையற்கரசி