குணபூசணி டீச்சரின் இரண்டாவது கட்டுரை

மேடையில் வீற்றிருக்கும் பேராசிரியர் செந்தூரன் ஐயா அவர்களே, மறைந்த கலாநிதி குணபூசணி அவர்களின் தங்கை கஜனி அம்மா அவர்களே, மழையில் நனைந்து வந்திருக்கும் நம் டயகமத் தோட்டத்துச் சனங்களே, வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தாளை நானே எழுதினேன். ஓர் எழுத்து பெரிது, ஓர் எழுத்து சிறிது. வரிகள் கோணிக்கொண்டு போகின்றன. கூட்டம் முடிந்ததும் இதைக் கஜனி அம்மாவிடம் கொடுப்பேன். வாசிக்கச் சிரமமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்த கை இது. வேலையிலிருந்து ஓய்ந்த பிறகுதான் பேனா பிடித்தது. துக்கத்துக்குக் கூடிய இடத்தில் சந்தோஷத்தைச் சொல்லக் கூடாது. ஆனாலும் 'குணபூசணி' என்ற பெயரை யாரையும் கேட்காமல் எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷம் பொங்கியது. காட்டுவதற்கு அவர் இல்லையே என்பது பிறகுதான் உறைத்தது.

மனிதரும் கணினியும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதே அவருடைய ஆராய்ச்சி. அவருடைய முதல் கட்டுரையைப் பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று செந்தூரன் ஐயா சற்றுமுன் பெருமையோடு சொன்னார். அந்தக் கட்டுரையின் பெயரைப் பொறித்த பலகைதான் அதோ, துணி மூடி நிற்கிறது. ஐயா, அந்தத் துணியை எடுப்பதற்கு முன் நான் சொல்வதைக் கேளுங்கள்.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், நாங்கள் டீச்சர் என்றே அழைத்த அவர் ஒரு கணினி வைத்தார். படத்தைத் தொட்டால் குரல் பேசும். மருந்து கொடுக்கும் நாளைச் சொல்லும், தலவாக்கலை பஸ் நேரத்தைச் சொல்லும், அ, ஆ சொல்லித் தரும். யார் வந்தார் என்று இயந்திரம் அறிய ஆளுக்கொரு அடையாளப் படம். எனக்கு யானை. குழந்தைகளைப் பார்க்கும் ஆயா வீரம்மாவுக்குக் கிளி.

டீச்சர் மாதம் ஒரு முறை காலையில் வருவார். நாங்கள் அப்போது தேயிலை மலையில் வேலையாக இருப்போம். இயந்திரத்தில் பதிவானதை எடுத்துக்கொண்டு போவார். அதில் என்ன இருந்தது? கிளி, கிளி, கிளி! எழுத்தறியாத தோட்ட மக்கள் கணினியை நாடுவதில்லை என்று கட்டுரை எழுதினார். உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு நாள் மண் சரிந்து பாதை அடைபட்டது. டீச்சர் இங்கேயே தங்கினார். அந்தி நேரம் பிள்ளைக் காம்பராவை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உட்காரும் பலகை நிறைய நாங்கள்! திரையைத் தொடுவது மட்டும் வீரம்மா.

"ஏன் நீங்கள் ஒருத்தரும் தொடுறேல்லை?" என்று கேட்டார்.

கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி கையை விரித்துக் காட்டினாள். "கொழுந்துக் கறைங்க டீச்சர். கழுவுனாலும் போகாது. வெள்ளக் கண்ணாடில ஒட்டிக்கிட்டா என்னா பண்றது? ஆயா கைதான் சுத்தமா இருக்கு. நாங்க சொல்லுவோம், அது கிளியத் தொட்டுட்டு எங்களுக்காக அமுத்தும்."

டீச்சர் தன் கட்டுரையில் எழுதியதைச் சொன்னார். "ஒத்தக் கிளிய நம்பி எங்க எல்லாரையும் ஒண்ணும் தெரியாத சனம்னு எழுதிப்புட்டீங்களே!" என்று வீரம்மா சிரித்தாள்.

டீச்சரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, மிசின் ஒரு விரலைத்தான் கண்டது. நானும் அதைத்தான் கண்டனான்" என்றார்.

தன் முதல் கட்டுரை பிழை என்று சொல்லி இரண்டாவது கட்டுரையை எழுதினார். தன் பிழையைத் தன் பெயரிலேயே அச்சில் போட எத்தனை பேருக்கு மனம் வரும்? ஆனால் அதை யார் படித்தார்கள்? பூண்டுலோயாப் பக்கத் தோட்டம் ஒன்றுக்கு வரவிருந்த கணினியை, முதல் கட்டுரையைக் காட்டியே நிறுத்திவிட்டார்கள். நோயில் கிடந்தவரைப் பார்க்கப் போனபோதும் அவருக்கு அதே கவலைதான்.

"தப்பானதத்தான் இன்னமும் படிக்கிறாங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா. மற்றதை ஆரும் தேடேல்லை. நான் செத்தாலும் அதுதான் என்ர பெயரில நிக்கும்."

நிற்கலாமா? அந்தப் பெண் வருந்தி வருந்தித் திருத்திய பிழையையே நாம் அவருடைய நினைவாகப் பலகையில் ஏற்றலாமா? செந்தூரன் ஐயா, உங்களைக் குறை சொல்லவில்லை. அதிகம் பேர் மேற்கோள் காட்டியதைத்தானே நீங்களும் எடுத்தீர்கள். அந்தப் பலகையை மாற்றுங்கள். அதில் இரண்டாவது கட்டுரையின் பெயர் இருக்கட்டும்.

எங்கள் பங்குக்கு நாங்களும் அவருடைய வேலையைத் தொடர்வோம். முதல் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் ஒருவருக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். தமிழில்தான். கஜனி அம்மா அதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவார். அடுத்த வாரம் இன்னொருவருக்கு எழுதுவேன். என் கை மெதுவானது. ஆனாலும் வாரத்துக்கு ஒன்று எழுதும். கடிதத்தின் அடியில் அழகுமுத்து என்று என் பெயரை எழுதி, பக்கத்தில் யானையும் வரைந்திருக்கிறேன். நாகலெட்சுமியும் தன் அடையாளப் படமான மயிலை வரைய வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கும் இடம் விட்டிருக்கிறேன். வந்தது கிளி மட்டும் அல்ல, நாங்கள் எல்லோரும் வந்திருந்தோம் என்று அவர்கள் அறியட்டும்.