கோல்ஃப் மைதானத்துக்கு ஆள் இல்லை என்று யார் சொன்னது?

மேடைக்கு நடுவே வேட்டி மடிப்புக் கலையாமல் வீற்றிருக்கும் விழாத் தலைவர், பட்டாசு ஆலை அதிபர், வெம்பக்கோட்டைச் சாலையில் கோல்ஃப் மைதானம் கண்ட கழகத்தின் தலைவர், மதிப்புக்குரிய சங்கரலிங்கம் முதலாளி அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, நான் என்ன பேசிவிடுவேனோ என்று இப்போதே நெற்றியைத் துடைத்துக்கொள்ளும் மேலாளர் மணிகண்டராஜ் அவர்களே! ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் ஏழாயிரம்பண்ணைப் பெரியோர்களே! கரிசலில் கால் பதித்து, கந்தகத்தில் கை பழகி, கலங்காமல் குடும்பம் காத்துவரும் தாய்மார்களே! மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்காமலேயே கூட்டத்தில் கலந்துகொண்டிருக்கும் இளஞ்சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சங்கிலிமுத்துவின் தலை தாழ்ந்த வணக்கம்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எட்டாம் வகுப்பை மட்டும் இரண்டு முறை படித்தேன். அவ்வளவு ஆழமான படிப்பு! அப்படிப்பட்டவனைக் கோல்ஃப் துறை வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச மேடையேற்றியிருக்கிறார்கள். புறப்படும்போது என் மனைவி வேலுத்தாய் சொன்னாள்: "என்னத்தையும் பேசிட்டு வாங்க, எம்பேரை மட்டும் எடுத்திராதீக." எடுக்காமல் எப்படிப் பேசுவது? இந்தப் பேச்சே அவளிடமிருந்துதானே தொடங்குகிறது! அந்தா பாருங்கள், முந்தானையால் முகத்தை மூடுகிறாள்.

கோல்ஃப் என்ற விளையாட்டை முதன்முதலில் பார்த்தபோது நான் மேலாளரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். "சார், அம்புட்டுப் பெரிய காட்டுல இம்புட்டுக்காணு பந்தை நீங்களே அடிச்சுத் தொலைச்சுட்டு, நீங்களே தேடுறீகளே, இதுக்கு யாரு சம்பளம் தாராக?" அவர் பந்தைத் தேடப் போய்விட்டார்.

மைதானம் திறந்த புதிதில் புல் வெட்ட ஆள் கேட்டார்கள். வேலுத்தாய் தலைமையில் எங்கள் தெருப் பெண்கள் போனார்கள். எல்லாரும் பட்டாசு ஆலையில் பீஸ் ரேட்டில் பழகியவர்கள். பீஸ் ரேட் என்றால் என்ன? கொடுத்த வேலையை எவ்வளவு விரைவாக முடிக்கிறாயோ அவ்வளவு விரைவாக வீட்டுக்குப் போகலாம். கொடி நட்டிருக்கும் குழியைச் சுற்றிப் பச்சைக் கம்பளம் போல ஒரு புல்தரை இருக்கும். அதை வாரம் முழுக்க, நாளுக்குக் கொஞ்சமாக வெட்டவேண்டும் என்று மேலாளர் சொன்னார். எங்கள் வீராங்கனைகள் என்ன செய்தார்கள்? மெஷினைத் தாழ இறக்கினார்கள். ஒருவாரப் புல்லையும் திங்கட்கிழமையே வழித்து எடுத்தார்கள். நானும் சும்மா இருந்தேனா? "எங்க வீட்டுக்காரி கைவேகம் யாருக்கு வரும்!" என்று டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. மேலாளர் போன் போட்டார்.

"ஏம்மா, யாரும் வரலை?"

"நேத்தே முடிச்சுட்டோமே சார்! அடுத்த லோடு புல்லு வந்ததும் சொல்லிவிடுங்க, ஓடியாந்துருவோம்."

சிரியுங்கள், சிரியுங்கள்! மேலாளரும் இன்றைக்குச் சிரிக்கிறார், அன்றைக்குச் சிரிக்கவில்லை. சித்திரை வெயில் சும்மா விடுமா? புதன்கிழமைக்குள் பச்சைக் கம்பளம் பழைய கோரைப்பாயாகிவிட்டது. "இந்த ஊர் ஆளுங்க சரிப்பட மாட்டாங்க" என்று எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்போது மைதானத்துக்குள் தனியாக நடந்து போனவள் என் மகள் மாரிசெல்வி. பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தவள். "எங்கம்மா கெடுத்ததை நான் சரி பண்ணித் தாரேன் சார்" என்றாள். கருக்கலில் எழுந்து தண்ணீர் தெளித்தாள். உச்சி வெயிலுக்கு ஈரச் சாக்கு விரித்தாள். களையைக் கையால் பிடுங்கினாள். தெரியாததைப் போனில் பார்த்தாள், பயிற்சியாளர் சூர்யபிரகாஷ் தம்பியிடம் கேட்டாள். ஆடி மாதக் காற்றில் அந்தத் தரை மறுபடியும் பச்சையாய் அசைந்தது.

எங்கள் தெரு விட்டுவிடுமா? "ஏலே சங்கிலிமுத்து, பிள்ளையைப் பிளஸ் டூ படிக்க வச்சது புல்லுப் புடுங்கவாலே?" என்று கேட்டார்கள். "ஆமாலே, நான் படிச்ச படிப்புக்கு ஆடுதான் வளர்த்தேன். எம்மக ஒருபடி மேல போயி ஆட்டுக்குத் தீனி வளர்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னேனே தவிர, உள்ளே வலித்தது ஐயா!

ஆண்டு இரண்டு ஆயிற்று. இன்றைக்கும் அவள் தினக்கூலி. புல்தரைக்குச் சூப்பர்வைசர் என்று வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார், எங்கள் வெயிலைப் பார்க்கிறார், பெட்டியைக் கட்டுகிறார். அடுத்தவர் வருகிறார். மெஷின் பழுது பார்ப்பவர் போய்விட்டார். பந்தடிக்கக் கற்றுத்தரும் சூர்யபிரகாஷ் தம்பி, விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை ஒற்றை ஆளாய் நின்று தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறார். ஒரு வேலைக்கு மூன்று பேர் வேண்டிய இடத்தில், மூன்று வேலைக்கு என் மகள் ஒருத்தி நிற்கிறாள்! கேட்டால், ஆள் இல்லை என்கிறார்கள்.

ஆள் இல்லையா? விடியற்காலையில் நம் ஊர் முக்கில் ஆலை வேன் வந்து நின்றால், உட்கார இடமில்லாமல் குனிந்துகொண்டே போகிறார்களே, அவர்கள் ஆள் இல்லையா? அச்சாபீஸில் அட்டை அடுக்குகிறார்களே, அவர்கள் ஆள் இல்லையா? படித்துவிட்டு வேலை தேடி மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறார்களே... தம்பி, உன்னைத்தான் சொல்கிறேன், கையை ஆட்டாதே... நீங்கள் ஆள் இல்லையா?

ஆட்கள் இருக்கிறார்கள் முதலாளி! ஆலையில் சேர்ந்தால் நாளைக்கு என்ன ஆவோம் என்று அவர்களுக்குத் தெரியும். போர்மேன் ஆனவரைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மைதானத்தில் சேர்ந்தால் பத்து வருடம் கழித்து என்ன ஆவோம்? யார் சொன்னீர்கள்? எங்கே சொன்னீர்கள்?

"பயிற்சி கொடுத்தா வேற ஊருக்குப் போயிருவாங்க" என்று மேலாளர் பயப்படுகிறார். போகட்டுமே! எங்கோ ஒரு பெரிய மைதானத்தில் ஏழாயிரம்பண்ணைப் பெண் தலைமைப் பொறுப்பில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டால், அதே பாதையில் நடக்க நாலு பிள்ளைகள் உங்கள் வாசலுக்கு வரமாட்டார்களா? பயிற்சி கொடுக்காமல் இருந்தாலும் என் மகள் போகத்தான் போகிறாள்.

போன வாரம் மாரிசெல்வி என்னிடம் கேட்டாள். "யப்பா, பட்டாசு சீசன் தொடங்குது. திங்கக்கிழமை ஆலை வேன்ல எனக்கும் ஒரு இடம் சொல்லி வைங்க."

"ஏம்மா, புல்லு என்னாகும்?"

"நான் என்னாவேன்னு ஒருத்தரும் கேக்கலையேப்பா! வாரவுகளுக்கெல்லாம் நான்தான் வேலை சொல்லிக்குடுக்கேன். அவுக சூப்பர்வைசரு, நான் கூலி. எம்புட்டு நாளைக்கு?"

திங்கட்கிழமை என்பது நாளைக்கு. இதைக் கேட்டு எந்தத் தகப்பன் மேடையில் புகழ்மாலை சூட்டிக்கொண்டிருப்பான்?

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மைதான வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று கூப்பிட்டும், இதுவரை பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். "வெயில்ல நின்னு பிள்ளை கறுத்துட்டா எவன் கட்டுவான்?" என்கிறீர்கள். என்னைப் பாருங்கள், இந்த நிறத்தையே ஒருத்தி கட்டவில்லையா? பிள்ளைகளை அனுப்புங்கள். புல் வளர்க்கட்டும், மெஷின் பிரிக்கட்டும், பந்தடிக்கக் கற்றுக்கொண்டு நாளைக்கு நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்கட்டும்!

முதலாளி அவர்களே, நான் கேட்பது சலுகை இல்லை. சூப்பர்வைசர் நாற்காலி இப்போதும் காலியாகத்தான் கிடக்கிறது. அந்தப் பொறுப்பை என் மகளுக்கு நிரந்தரமாகக் கொடுங்கள். கோயம்புத்தூரில் புல்தரைப் பராமரிப்புக்குப் பயிற்சி இருக்கிறதாம், அனுப்புங்கள். அவளுக்குப் பின்னால் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும், இந்த வேலையில் இன்ன படிகள் இருக்கின்றன, இப்படி ஏறலாம் என்று காட்டுங்கள். காட்டினால் வருவோம். காட்டாவிட்டால் நாளைக்கு அந்த வேனில் நானே அவளை ஏற்றிவிடுவேன். உங்கள் புல்லுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

என்னங்கய்யா? ஏதோ சொல்கிறீர்களே... இருங்கள் ஜனங்களே, கை தட்டாதீர்கள், கேட்கவில்லை... சரி என்கிறீர்களா? பொறுப்பும் உண்டு, பயிற்சியும் உண்டு என்கிறீர்களா?

ஐயா, ரொம்ப சந்தோஷம். ஆனால் நீங்கள் சொன்னது என் ஒருவன் காதில்தான் விழுந்திருக்கிறது. அதை நான் திருப்பிச் சொன்னால், டீக்கடைப் பேச்சு என்று இங்கே உட்கார்ந்திருக்கும் வேலுத்தாயே நம்பமாட்டாள். மாரிசெல்வி இப்போது மைதானத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கிருக்கும் ஒலிபெருக்கி அங்கே வரைக்கும் கேட்கும். அவள் கேட்கும்படி நீங்களே சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்புக்காரன் பேச்சை எழுந்து போகாமல் கேட்ட எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம். இந்தாருங்கள் முதலாளி, மைக்கைப் பிடியுங்கள்.