எழிலரசிக்கு ஒரு அக்கா

உக்காரும்மா சத்யப்பிரியா. அவன் எங்கயும் போயிட மாட்டான். அட்ரஸ் வாங்காம எழுந்திருக்க மாட்டேன்னு நம்ம அட்டெண்டர் சிங்காரத்துகிட்ட சொல்லியிருக்கான். சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட பெஞ்சுல இருக்கானா பாரு. நீயே எட்டிப் பாரு, நான் ஜன்னல் பக்கம் வரல. நீலச் சட்டையா, அவன்தான். கதிர்வேல். நம்ம ஆன்லைன் பி.பி.ஏ. பையன். கடலூர் ஓல்டு டவுன்ல ஐஸ் கம்பெனில வேல செய்யறான். பக்கத்துல என்னா அது, தெர்மாகோல் பெட்டியா? அப்ப மீன்தான். ஐஸ் போட்டு எடுத்துட்டு வந்திருக்கான். அது காலேஜுக்கு இல்ல, எழிலரசி வீட்டுக்கு.

அவ அட்ரஸ்தான் கேக்கறான். கூடப் படிச்ச பொண்ணு. ஒரு தடவ நேர்ல பாத்துட்டுப் போயிடறேன், வேற ஒண்ணும் வேணாங்கறானாம். அவனுக்கு யாராவது ஒரு பதில் சொல்லி அனுப்பணும். நீதான் சொல்லணும். அதுக்குத்தான் கூப்ட்டேன். கதவ லேசா சாத்திடு.

சொல்றேன், சொல்றேன். முதல்லருந்து சொன்னாதான் உனக்கு வெளங்கும். பாண்டிச்சேரி செமினார்ல என் பேச்சக் கேட்டுட்டுதான் இங்க அப்ளை பண்ணேன்னு இன்டர்வியூல சொன்னியே, ஆன்லைன் வகுப்புல பசங்கள எப்படி ஈடுபடுத்தறதுன்னு பேசினேனே, அந்தப் பேச்சு. கை தட்டுனாங்க, ஷீல்டு குடுத்தாங்க. தோ பீரோ மேல இருக்குது. அதுல நான் சொன்ன எதுவும் நடக்காதும்மா. அத நீ தெரிஞ்சுக்கணும், நாளைக்கு நீயும் வகுப்பு எடுக்கப் போற.

கேமராவ ஆன் பண்ணுங்கன்னேன். ஆன் பண்ணாங்க, மேல ஃபேன் சுத்துறது தெரியுது, ஆளக் காணோம். பண்ருட்டிப் பையன் ஒருத்தன் பலாப்பழ லாரி மேல உக்காந்துகிட்டு எஸ் சாருங்கறான். காடாம்புலியூர் பொண்ணு மைக்க ஆன் பண்ணா முந்திரிக்கொட்ட உடைக்கற சத்தம். நான் மார்க்கெட்டிங் சொல்றேன், அவ வீட்ல டொக்கு டொக்குங்குது. சரின்னு நடுவுல ஒரு வார்த்த சொல்வேன், முருங்கக்காய்னு. கடைசில அத டைப் பண்றவனுக்குத்தான் அட்டெண்டன்ஸ். ஒருத்தன் முழிச்சிருந்து கேப்பான், வாட்ஸப் குரூப்புல போட்டுடுவான். தூங்கறவன்லாம் எழுந்து முருங்கக்காய், முருங்கக்காய்னு அனுப்பிட்டுப் படுத்துக்குவான்.

சிரி, சிரி. எனக்கு அப்ப சிரிப்பு வரல. கேள்வி கேட்டுட்டு அந்த ஸ்கிரீனப் பாத்துகிட்டு உக்காந்திருப்பேன். கட்டம் கட்டமா பேரு இருக்கும். ஒரு எழுத்து வராது. கிளாஸ்ரூம்ல பதில் தெரியாதவன்கூட தலையத் தொங்கப் போடுவான். அதுவாவது நமக்குக் குடுக்கற மரியாததானே. இங்க அதுவும் கெடையாது. நான் செத்து விழுந்தாக்கூட வகுப்பு முடிஞ்சப்பறம் தேங்க் யூ சார்னு போட்டுட்டுப் போவானுங்க.

அப்பதான் அந்த டெமோ ஐடி. உனக்கும் குடுப்பாங்க. பசங்களுக்கு நம்ம வகுப்பு எப்படித் தெரியுதுன்னு பாக்கறதுக்காக எல்லா ஸ்டாஃபுக்கும் ஒரு ஸ்டூடன்ட் ஐடி உண்டு. அதுல பேர மாத்திக்கலாம். எழிலரசின்னு போட்டேன். ஊரு திட்டக்குடி. வகுப்புல அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தரும் இல்ல, அதனால. லேப்டாப்ல நான், ஃபோன்ல அவ.

ஆமா, நான்தான். அவ கெடையாது. அப்படி முழிக்காத, தண்ணி குடி.

வகுப்பு நடக்கறப்ப எழிலரசி ஒரு தப்பு பண்ணா. டிமாண்ட் ஏறுனா வில எறங்கும்தானே சார்னு சாட்ல போட்டா. அவ்ளோதான். அதுவரைக்கும் பொணம் மாதிரி கெடந்தவனுங்க மடமடன்னு வந்துட்டானுங்க. இல்லங்க, இல்ல சிஸ்டர், நான் சொல்றேன் கேளுங்க. ஒரு பொண்ணு தப்பா சொன்னா திருத்தறதுக்கு அத்தன பேரு இருக்கான். வாத்தியார் கேட்டா ஒருத்தன் இல்ல. இத நான் செமினார்ல சொல்ல முடியுமா. பங்கேற்பு, கலந்துரையாடல், சக மாணவர் கற்றல்னு சொன்னேன். எல்லாரும் எழுதிகிட்டாங்க. நீயும் எழுதியிருப்ப.

என் வகுப்போட பங்கேற்பு கிராஃப் ஏறுச்சு. கரஸ்பாண்டென்ட்டு மீட்டிங்ல எழுந்து நின்னு, ராஜமாணிக்கம் சாரப் பாத்துக் கத்துக்கங்கன்னாரு. இத்தன வருஷத்துல எம் பேரு அவருக்குத் தெரியும்னே எனக்கு அப்பதான் தெரியும்.

இவன் மட்டும் மத்தவனுங்க மாதிரி இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க எழிலரசின்னு ஆரம்பிச்சுதான் திருத்துவான். ஒரு நாளு தனியா மெசேஜ் போட்டான். நீங்க நிறுத்திடாதீங்க, நீங்க கேக்கறதாலதான் எனக்கும் புரியுதுன்னு. நானும் தேங்க்ஸ்னு போட்டேன். அதோட விட்டிருக்கலாம். ஆனா அடுத்த அசைன்மென்ட்ட அவன்தான் முதல்ல அனுப்புனான். பாத்தேன். சரி, இதுல ஒரு வழி இருக்குதுன்னு புடிச்சுகிட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் வராது, வகுப்புல படிக்கச் சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு எழிலரசிகிட்ட எழுதினான். நான் மறுநாளு அவனத்தான் படிக்கச் சொன்னேன். வேற யாரையும் இல்ல. ஒரு பக்கம் முழுக்க. பின்னாடி மெஷின் ஓடுது, அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கறான். இத வச்சுகிட்டு நீ என்னா மேனேஜர் ஆகப் போற, ஐஸ் வெட்டப் போன்னேன். எல்லாரும் சிரிச்சானுங்க, சிரிக்கற பொம்மையா சாட்ல போட்டானுங்க. சாயங்காலம் எழிலரசி ஆறுதல் சொன்னா. அந்த ஆளு கெடக்கறான், நீங்க நல்லாத்தான் படிச்சீங்கன்னு. வெடியறதுக்குள்ள ரெண்டு பாடத்துக்கு நோட்ஸ் எழுதி ஃபோட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினான். என்னப் பாரு. நான் திட்டுவேன், அவ தேத்துவா, அவன் படிப்பான். செமஸ்டர் பூரா இப்படித்தான் ஓடுச்சு. பாஸ் பண்ணான்ல? அத ஏன் யாரும் கேக்க மாட்டேங்கறீங்க.

பாவம்தான். நான் இல்லேன்னு சொல்லலயே.

இன்னொண்ணு கேளு. அவன் என்னப் பத்தி அவகிட்ட எழுதுவான். எம் பேரு தூக்க மாத்திரையாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இஸ் இட் க்ளியர், இஸ் இட் க்ளியர்னு நான் கேக்கறனாம். வாய்ஸ் மெசேஜ்ல என்ன மாதிரியே பேசி அனுப்பியிருந்தான். கேட்டுட்டு சிரிச்சேம்மா. நெசமாத்தான். வீட்ல சத்தம் போட்டு சிரிச்சேன், என் வீட்டுக்காரம்மா என்னான்னு வந்து பாத்துட்டுப் போச்சு. எழிலரசியும் அவ பங்குக்கு ரெண்டு எடுத்து விட்டா. அந்தாளு கழுத்து டையப் பாத்தீங்களா, மாட்டுக்குக் கட்டின கயிறு மாதிரின்னு. இப்ப நான் இஸ் இட் க்ளியர்னு சொல்றதில்ல. டையும் கட்டறதில்ல. நீ கவனிச்சிருக்க மாட்ட.

மாட்டிகிட்டது எப்படின்னா, என் புத்தி. நம்ம ஊருக்காரன் மட்டும்தான் இப்படி மாட்டுவான். நம்ம சிதம்பரத்துல ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் ஓடுச்சுல்ல, அன்னைக்கு என்னா பண்றீங்கன்னு கேட்டான். கீழவீதில நடக்கவே முடியல, மருந்து வாங்கப் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்னு போட்டேன். பழக்கம், கை தானா போடுது. பொறந்ததுலருந்து தேர்னா எனக்குக் கீழவீதிதான். திட்டக்குடில உக்காந்திருக்கறவ சிதம்பரம் கீழவீதிக்கு மருந்து வாங்க எதுக்கு வரா? இவன் ஒண்ணும் கேக்கல. அவ இருக்கறது சிதம்பரம்னு அன்னைக்கே கண்டுபுடிச்சுட்டு மனசுல வச்சுகிட்டிருந்திருக்கான். என் பாடத்த இப்படிக் கவனிச்சிருந்தான்னா யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கியிருப்பான்.

அவகிட்ட அட்ரஸ் கேட்டப்பல்லாம் நான் மழுப்பிட்டேன். மொதல்ல அவ சொந்த ஊருன்னு திட்டக்குடிக்குப் போயிருக்கான். விருத்தாசலம் போயி பஸ் மாறி, அங்க தெருத் தெருவா கேட்டிருக்கான். அப்படி ஒரு பொண்ணு இல்லன்னுட்டாங்க. இல்லாம எப்படி போவா, அவ சிதம்பரத்துலதான இருக்கான்னு நேரா இங்க வந்துட்டான்.

காரணம் இருக்கும்மா. அவனுக்குப் பொண்ணு பாத்து வச்சிருந்தாங்க. அவன் மாமா பொண்ணுதான், பண்ருட்டில, நர்சிங் முடிச்சது. பேரு மலர்க்கொடி. வேணாம்னுட்டான். மாமா அவன் வீட்டு வாசல மிதிக்கறதில்ல இப்ப, அம்மா இவன்கிட்ட பேசறதில்ல. அந்தப் பொண்ணக் கட்டிக்கட்டுமான்னு எழிலரசியத்தான் கேட்டான். நான் யோசிச்சேன். ஒரு நாளு பூரா பதில் போடாம வச்சிருந்தேன். அப்பறம் உங்க இஷ்டம்னு போட்டேன். அத அவன் எப்படி எடுத்துக்குவான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்.

அழுவாதம்மா. இந்த ரூம்ல அழுவாத, சிங்காரம் டீ எடுத்துட்டு வருவான். தப்பா நெனச்சுக்குவான்.

இப்ப நீ கீழ போற. எழிலரசியோட அக்கான்னு சொல்ற. கூடப் பொறந்த அக்கா வேணாம், முகம் ஒத்துப் போவலன்னு பாப்பான். பெரியப்பா பொண்ணு. இங்க வேல பாக்கறேன், கீழவீதில வீடு, எழில் என் கூடத்தான் தங்கியிருந்தான்னு சொல்லு. கீழவீதிக் கணக்கு சரியா போச்சா. பரீட்ச முடிஞ்சதும் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போயிட்டா, லேடீஸ் ஹாஸ்டல், வெளி ஆளுங்களப் பாக்க விட மாட்டாங்க, எங்க பெரியவங்களுக்குத் தெரிஞ்சா படிப்பு வேல எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, தயவுபண்ணித் தேடி வராதீங்க தம்பின்னு சொல்லு. தம்பின்னு கூப்பிடு, கரைஞ்சுடுவான். மீன வாங்கிக்க. வேணாம்னு சொல்லிடாத, மனசு ஒடைஞ்சு போவான்.

முடியாதுன்னா முடியாதுதான். நான் வற்புறுத்த மாட்டேன். ஆனா உன் ப்ரொபேஷன் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறது நான்தான், அத ஞாபகப்படுத்தறேன். உங்க அப்பா சாமிக்கண்ணு சார் ஃபோன்ல எங்கிட்ட அவ்ளோ கேட்டுகிட்டாரு. வீட்ல முதல் வேல உனக்குத்தான்னாரு.

உண்மையச் சொல்லிடலாம்னா? எந்த உண்மைய. நீ பேசிகிட்டிருந்தது உன்ன ஐஸ் வெட்டப் போன்னு சொன்ன கெழவன்கிட்டன்னா? அதக் கேட்டுட்டு அவன் எந்த பஸ்ல ஏறி எங்க எறங்குவான். நல்லா யோசி.

கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லலாமா? ம். சொல்லலாம். அவ செத்துப் போயிட்டான்னு சொன்னா அதவிட நல்லதுங்கறியா. ரெண்டு நாளு அழுவான், மாமா வீட்டுக்குப் போயி கால்ல விழுந்து மலர்க்கொடியக் கட்டிக்குவான். அம்மா பேசும். அதுதான் அவனுக்கு நல்லது, எனக்கும் தெரியுது. நான் அத யோசிக்கலன்னு நெனைக்கறியா.

அது வேணாம்மா. அத மட்டும் சொல்லிடாத.

செமஸ்டர் எப்பவோ முடிஞ்சு போச்சு. அவனுக்கு நான் இப்ப வாத்தியாரும் இல்ல, அவன் அசைன்மென்ட்டும் எனக்கு வேணாம். அவ செத்துட்டான்னு சொன்னா அவன் எழுதறத நிறுத்திடுவான்ல.

சரி, எழுந்திரு. முகத்தக் கழுவிட்டுப் போ. நான் பின்னாடி வரல. நீ எப்படிச் சொன்னன்னு சாயங்காலம் அவன் எனக்கு எழுதுவான், அதுல பாத்துக்கறேன்.